4,000 வரி 900 ஆனது. டீம் ஏன் வேண்டாம் என்றது?

கேள்வி: ஏழு வருடமாக ஜாவாவில் வேலை செய்கிறேன். எங்கள் டீமில் எட்டுப் பேர். இரண்டு வருடமாக வீட்டில் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைக் கற்றுவருகிறேன். எங்கள் சிஸ்டத்தில் கட்டணத்தையும் தள்ளுபடியையும் கணக்கிடும் பகுதி ஒன்று இருக்கிறது. சுமார் 4,000 வரி ஜாவா. மாதம் தவறாமல் அதில் ஒரு பக் வரும். அதே வேலையை ஹாஸ்கெல்லில் 900 வரியில் எழுதிக் காட்டினேன். நல் பாயிண்டர் பிழைக்கு, அதாவது மதிப்பே இல்லாத ஒன்றைப் பயன்படுத்தப்போய் நிரல் விழுவதற்கு, இடமே இல்லை. ஒரு தள்ளுபடி வகையைக் கையாள மறந்தால், நிரல் ஓடுவதற்கு முன்பே அதை மொழிபெயர்க்கும் கம்பைலரே சொல்லிவிடும். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ஆனால் 'நமக்கு வேண்டாம்' என்று முடித்துவிட்டார்கள். மேனேஜர் 'ஆள் கிடைக்காது' என்கிறார். தொழில்நுட்பத்தில் சிறந்த மொழிகள் ஏன் எப்போதும் பின்தங்கிப் போகின்றன? மற்றவர்களுக்குக் கற்க மனமில்லையா? ஹாஸ்கெல் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

4,000 வரியை 900 வரியாக்கியது பெரிய வேலைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: "எல்லோரும் பிரமாதம் என்றார்கள்." அப்படியானால் அந்த நிரலின் அருமை உங்கள் டீமுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்த பிறகும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்லிவிட்டால், அவர்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

அந்தப் பயம் நியாயமானது என்று எனக்குத் தெரியும். ஒரு சக ஊழியரைக் கஷ்டப்படுத்தித்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்புச் செய்திகளை அனுப்பும் சர்வரை எர்லாங்கில் எழுதினேன். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்க வேண்டிய வேலை. எர்லாங் அதற்காகவே பிறந்த மொழி. ஒன்றேகால் வருடம் அந்தச் சர்வர் ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்புறம் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில், அந்தச் சர்வரின் பொறுப்பை ஏற்றிருந்த பெண் எனக்குப் போன் செய்தார். மெமரி ஏறிக்கொண்டே போகிறது, ரீஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரம் தாங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது என்றார்.

எர்லாங்கில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு மெயில்பாக்ஸ் உண்டு. செய்திகள் எடுக்கப்படும் வேகத்தைவிட வந்து விழும் வேகம் அதிகமானால் அது நிரம்பிக்கொண்டே போகும். எர்லாங்கோடு கொஞ்ச நாள் பழகிய யாரும் முதலில் பார்க்கிற இடம் அதுதான். அவருக்கு அது தெரிய வழியே இல்லை. மிகவும் கெட்டிக்காரர், பத்து வருட ஜாவா அனுபவம் உள்ளவர். அந்த ராத்திரியில் அந்த அனுபவம் அவருக்குக் கை கொடுக்கவில்லை. நான் போனில் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு கட்டளையாகத் தட்ட, விடிகிற நேரத்தில் சரிசெய்தோம். ஆறு மாதத்துக்குள் அந்தச் சர்வரை ஜாவாவில் திருப்பி எழுதிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். புதிய சர்வர் பழையதைவிட மெதுவாகத்தான் ஓடியதாம். ஆனால் டீமில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்த்து, எங்கே தவறு என்று சொல்ல முடிந்தது.

அந்த மொழியால் வந்த நன்மை முழுக்க எனக்கு. சந்தோஷமாக எழுதினேன், நல்ல பெயர் வாங்கினேன், அடுத்த வேலை கிடைக்கவும் அது உதவியது. அதற்கான விலையை இன்னொருவர் தூக்கத்தைத் தொலைத்துக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கான என் பதில் இந்தச் சம்பவத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மொழி எவ்வளவு நல்லது என்று நாம் அளப்பது, அதை விரும்பிக் கற்றவர் எழுதும்போது. டீம் அளப்பது, அவர் பக்கத்தில் இல்லாத ஒரு நாளை மனதில் வைத்து. உங்கள் 900 வரியில் முதல் அளவை மட்டும்தான் நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். பரவலாக வெற்றி பெற்ற மொழிகளை வரிசையாகப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும், எழுதியவருக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும் இரண்டாவது ஆள் கொடுக்க வேண்டிய விலையை யாரோ பாடுபட்டுக் குறைத்திருப்பார்கள். இல்லையென்றால், வேறு மொழிக்கு வழியே இல்லாத ஒரு வாசலில் அந்த மொழி நின்றிருக்கும்.

வாசல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. யூனிக்ஸை 1973-இல் சி மொழியில் திருப்பி எழுதினார்கள்; யூனிக்ஸ் போன இடமெல்லாம் சி போனது. ஜாவாஸ்கிரிப்டை 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் உருவாக்கினார். நெட்ஸ்கேப் அவரை வேலைக்கு எடுத்தபோது பிரௌசருக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்றுதான் பேச்சு. ஸ்கீம் லிஸ்ப் குடும்பத்து மொழி, அழகானது. பிறகு, பார்ப்பதற்கு ஜாவா மாதிரி இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவசரத்தில் செய்த அந்த மொழியின் குறைகளை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு பிரௌசரிலும் ஓடும் ஒரே மொழியாக அது ஆகிவிட்டது. அதற்குமேல் தரத்தைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போனது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். பெரிய நிரல்களை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பராமரிக்க முடியவில்லை என்ற வலி எல்லோருக்கும் இருந்தது. அதற்கு இரண்டு பெரிய நிறுவனங்கள், ஒரு வருட இடைவெளியில், ஆளுக்கொரு மருந்தோடு வந்தன. 2011-இல் கூகுள் டார்ட் மொழியை வெளியிட்டது. குரோமின் வேகத்துக்குக் காரணமான வி8 எஞ்சினை உருவாக்கிய லார்ஸ் பாக் அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவர். ஜாவாஸ்கிரிப்டின் அழுக்கையெல்லாம் கழுவிவிட்டுப் புதிதாகக் கட்டிய மொழி அது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. அதை முன்னின்று செய்தவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். டைப்ஸ்கிரிப்ட் எதையும் கழுவவில்லை. ஜாவாஸ்கிரிப்டின் எல்லாக் கோணல்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே டைப்களை, அதாவது எந்த இடத்தில் எந்த வகை மதிப்பு வரலாம் என்ற குறிப்புகளை, போர்த்தியது. அதன் டைப் முறை கணித ரீதியாக முழுக்கச் சரியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இலக்கே இல்லை என்று அதைச் செய்தவர்கள் எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

மொழி வடிவமைப்பு தெரிந்த ஒருவரிடம் அன்று இரண்டையும் காட்டியிருந்தால் டார்ட்தான் சுத்தமானது என்றிருப்பார். கூகுள் கையில் பணம் இருந்தது, ஆள் இருந்தது, சொந்தமாகக் குரோமே இருந்தது. இருந்தும் 2015-இல், குரோமுக்குள் டார்ட்டை நேரடியாக ஓட வைக்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். டைப்ஸ்கிரிப்ட் உலகம் முழுக்கப் பரவியது.

நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் டீமை நினைத்துப் பாருங்கள். டார்ட்டுக்குப் போக, நாற்பது பேரும் புதிய மொழியைக் கற்க வேண்டும்; இதுவரை பயன்படுத்திய லைப்ரரிகளை, அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை, எட்டிப் பிடிக்க ஒரு பாலம் கட்ட வேண்டும்; பழைய நிரலை மாற்றி எழுத வேண்டும். டைப்ஸ்கிரிப்ட்டில் திங்கட்கிழமை காலை ஒரே ஒருவர், ஒரே ஒரு கோப்பின் பின்னொட்டை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். பிடிக்கவில்லையென்றால் வெளியே வந்துவிடலாம். கம்பைல் செய்தால் கிடைப்பது பழகிய ஜாவாஸ்கிரிப்ட்தானே. மற்ற முப்பத்தொன்பது பேரும் அன்று எதையும் கற்க வேண்டியதில்லை. அப்புறம், டைப் எழுதிய கோப்பைத் திறந்தால் எடிட்டர் எது எதை அழைக்கலாம் என்று தானே காட்டுகிறது. அதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் தானாகக் கேட்டு வருவார். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

டார்ட் பிறகு பிழைத்தது, ஃப்ளட்டர் வழியாக. ஒரே நிரலில் ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் செயலி செய்யலாம் என்று ஃப்ளட்டர் சொன்னபோது, மக்கள் அந்த வசதிக்காக வந்தார்கள். மொழி கூடவே வந்தது.

இரண்டாவது ஆளின் விலை எவ்வளவு பெரியது என்பதற்குப் பைத்தானைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அங்கே போட்டி மொழிகூட இல்லை. பைத்தான் 2-க்கும் பைத்தான் 3-க்கும் நடுவில்தான் சிக்கல். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. எழுத்துகளையும் பைட்டுகளையும் தனித்தனியாகப் பிரித்தது உட்பட, பழையதைவிட எல்லா விதத்திலும் ஒழுங்கானது. தமிழில் எழுதும் நமக்கு யூனிகோட் இயல்பாக வேலை செய்வது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பைத்தான் 2-க்கு ஆதரவை 2015-இல் நிறுத்துவதாக இருந்தார்கள். முடியவில்லை, 2020-க்குத் தள்ளிப்போட்டார்கள். அதே மொழி, அதே மக்கள், அதே பெயர். கடந்து போகப் பதினோரு வருடம்!

ஏன் இவ்வளவு காலம்? பழைய நிரலை ஒரே மூச்சில் புதியதாக மாற்றித் தரும் ஒரு கருவியைக் கொடுத்து, மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள். ஆனால் லைப்ரரி எழுதுகிறவர்களின் பயனர்களில் பாதிப் பேர் பழைய கரையில் இருந்தார்கள். இரண்டு கரையிலும் ஓடுகிற ஒரே நிரல்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. 2012-இல் வந்த பைத்தான் 3.3-இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். சரங்களுக்கு முன்னால் 'யு' என்ற எழுத்தைப் போடும் பழைய வழக்கத்தை 3.0 நீக்கியிருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதிய பைத்தானில் அந்த எழுத்துக்கு எந்த வேலையும் கிடையாது. மொழியின் தூய்மையைப் பார்த்தால் அது தேவையில்லாத சேர்க்கை. ஆனால் அது இருந்தால் ஒரே கோப்பு இரண்டு பைத்தானிலும் ஓடும். இதுபோன்ற விட்டுக்கொடுத்தல்களுக்குப் பிறகுதான் லைப்ரரிகள் மளமளவென்று வரத் தொடங்கின. மொழி உருவாக்குகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு எழுத்தின் கதையைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மெயரோவிச், ராப்கின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் இதைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். திறமூலத் திட்டங்களின் தரவுகளையும், ஆயிரக்கணக்கான டெவலப்பர்களிடம் கேட்ட கேள்விகளையும் வைத்துச் செய்தது. ஒரு வேலைக்கு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிதும் தீர்மானிப்பவை கிடைக்கும் லைப்ரரிகள், ஏற்கெனவே இருக்கும் நிரல், டீமின் முன்அனுபவம் ஆகியவைதான். மொழிக்குள் இருக்கும் நல்ல அம்சங்கள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன என்று கண்டார்கள். உங்கள் மேனேஜர் அந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார். 'ஆள் கிடைக்காது' என்று அவர் சொன்னதன் பொருளும் ஏறக்குறைய இதுதான். ஹாஸ்கெல்லை ஆசைப்பட்டுக் கற்றவர்கள் உலகில் நிறையப் பேர் உண்டு, வேலைக்கு விளம்பரம் செய்தால் வருவார்கள். அவர் கவலைப்படுவது ஏற்கெனவே இருக்கும் ஏழு பேரைப் பற்றி. நீங்கள் விடுமுறையில் இருக்கும்போது கட்டணம் தவறாகக் கணக்கானால் அந்த ஏழு பேரில் யார் உட்காருவார்? இந்தக் கேள்விக்கு உங்கள் 900 வரியில் பதில் இல்லை.

ஹாஸ்கெல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் மிகவும் பிடித்த மொழிதான். 'தொழில்நுட்பத்தில் சிறந்தது' என்று ஒரே தராசில் வைத்துச் சொல்கிறீர்கள். அதன் டைப் முறை ஜாவாவைவிடப் பல படி மேலே, சந்தேகமே இல்லை. ஆனால் தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் அதன் சோம்பல் முறையால், ஒரு நிரல் எவ்வளவு மெமரி எடுக்கும் என்பதை நிரலைப் பார்த்துச் சொல்வது கடினம். பத்து லட்சம் எண்களைக் கூட்டுவதற்குத் பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருக்கும் 'ஃபோல்ட்' செயல்களில் தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கூட்டாமல் வைத்த கணக்குகள் மலைபோலக் குவியும். எழுத்துகளை வைத்துக்கொள்ள ஸ்டிரிங், டெக்ஸ்ட், பைட்ஸ்டிரிங் என்று பல வகைகள் உண்டு; புதிதாக வருகிறவர் முதல் வாரமே இவற்றுக்கு நடுவில் தடுமாறுவார். கம்பைலரில் நூற்றுக்கு மேற்பட்ட மொழி நீட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொரு டீமும் தனக்கென்று ஒரு கலவையைத் தேர்ந்தெடுப்பதால், ஒரு டீமின் ஹாஸ்கெல் இன்னொரு டீமுக்கு அந்நியமாகத் தெரியும். டீபக்கரைத் திறந்து ஒவ்வொரு வரியாக நகர்ந்து பார்த்துப் பழகிய ஜாவாக்காரருக்கு, ஓடும் வரிசையே வேறு மாதிரி இருக்கும் ஒரு நிரலில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. இவையும் தொழில்நுட்பம்தானே? இரவில் பக் தேடுகிறவருக்கு இவைதான் பெரிய தொழில்நுட்பம்.

இதையெல்லாம் தாண்டி, விலகி நிற்கும் மொழிகளும் வாழும் இடம் உண்டு. என்னைத் தூக்கமிழக்க வைத்த அதே எர்லாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கியது. 1998-இல் அந்நிறுவனத்தின் ஒரு பிரிவே புதிய தயாரிப்புகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்தது. அதே வருடம் அது திறமூலமாக வெளியே வந்தது. வாட்ஸ்அப்பை எர்லாங்கில்தான் கட்டினார்கள். 2014-இல் ஃபேஸ்புக் அதை 19 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, 45 கோடிப் பேர் பயன்படுத்திய அந்தச் சேவையைச் சில டஜன் பொறியாளர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே மொழியைத் தேர்ந்தெடுத்தவர்களும் இரவில் விழித்திருக்க வேண்டியவர்களும் ஒரே ஆட்கள். நன்மையும் விலையும் ஒரே வீட்டில் இருந்தன. உங்கள் டீமில் அது இரண்டு வீடாக இருக்கிறது.

மெமரிப் பிழைகளைக் கம்பைலரே தடுக்கும் ரஸ்ட் மொழி மட்டும் எப்படி உள்ளே வந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். சி, சி++ எழுதுகிறவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய விலைச்சீட்டு வந்துகொண்டிருந்தது. தாங்கள் ஒவ்வொரு வருடமும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் மெமரியைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஆண்ட்ராய்டில் அதே விகிதம் 2019-இல் 76 சதவீதம்; புதிய நிரலை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு 2024-இல் 24 சதவீதம். பழைய நிரலைத் தொடவேண்டாம், புதிதாக எழுதுவதை மட்டும் மாற்றுங்கள் என்பதுதான் அங்கே வழி. அப்படியும் பாருங்கள்: கிரேடன் ஹோர் அதைத் தன் சொந்த வேலையாகத் தொடங்கியது 2006. பதிப்பு 1.0 வந்தது 2015. லினக்ஸ் கர்னலுக்குள் முதல் அடி வைத்தது 2022 டிசம்பர்.

சரி, இனி நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்தக் கட்டணப் பகுதியில் வந்த பக்குகளை எல்லாம் எடுத்து உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கம்பைலர் பிடித்திருக்குமா இல்லையா என்று எழுதுங்கள். நேர்மையாக எழுதுங்கள். ஒரு தள்ளுபடி வகையை மறந்தது, நல் மதிப்பு நுழைந்தது போன்றவை ஒரு பக்கம். வணிகப் பிரிவு சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டது, இரண்டு தள்ளுபடி சேரும்போது எது முதலில் என்று யாரும் முடிவு செய்யாதது ஆகியவை இன்னொரு பக்கம். இரண்டாவது பட்டியலை எந்த மொழியும் சரிசெய்யாது. அது நீளமாக இருந்தால் மொழிப் பேச்சையே ஒதுக்கிவிட்டு அதை முதலில் கவனிக்க வேண்டும்.

முதல் பட்டியல் நீளமாக இருந்தால், ஹாஸ்கெல்லில் உங்களுக்குப் பிடித்தவற்றில் பெரும்பகுதியை ஜாவாவிலேயே இன்று எழுதலாம். நல்ல மொழிகள் பரவாமல் போனாலும் அவற்றின் யோசனைகள் மெதுவாக வந்துசேர்கின்றன. பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் வசதியை ஜான் மெக்கார்த்தி லிஸ்ப்பில் 1959 வாக்கில் செய்தார். பெருவாரியான டெவலப்பர்களுக்கு அது கிடைத்தது 1990-களின் நடுவில், ஜாவா வழியாக. எம்.எல், ஹாஸ்கெல் மொழிகளில் பல பத்தாண்டுகளாக இருக்கும் வசதிகளும் அப்படித்தான்: ஜாவா 16-இல் ரெக்கார்டுகள் வந்தன, 17-இல், வகைகளின் பட்டியலை மூடிவைக்கும் சீல்டு கிளாஸ்கள் வந்தன, 2023-இல் வந்த 21-இல் ஸ்விட்ச்சுக்குள், ஒவ்வொரு வகையையும் பிரித்துக் கையாளும் பேட்டர்ன் மேட்சிங் வந்தது. தள்ளுபடியை ஒரு சீல்டு இன்டர்ஃபேஸாக்கி, ஒவ்வொரு வகையையும் ரெக்கார்டாக எழுதுங்கள். புதிய வகையைச் சேர்த்துவிட்டு ஸ்விட்ச்சில் மறந்தால் ஜாவா கம்பைலரும் நிற்கும். 900 வரிக்கு வராது, ஒருவேளை 1,800 ஆகலாம். ஆனால் அந்த 1,800 வரியை எட்டுப் பேரும் படிப்பார்கள். உங்கள் டீம் இன்னும் பழைய ஜாவாவில் இருந்தால், உங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டியது அந்த மேம்படுத்தலுக்காக.

அப்படியும் புதிய மொழி வேண்டும் என்று தோன்றினால், மொழிக்கு அனுமதி கேட்காதீர்கள், ஒரு ஆளைத் தேடுங்கள். அவர் கொஞ்ச நாள் உங்களோடு உட்காரட்டும். பிறகு நீங்கள் ஒரு வாரம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் வரும் ஒரு உண்மையான மாற்றத்தை அவர் தனியாகச் செய்து முடிக்கட்டும். முடிந்தால் உங்கள் மேனேஜரிடம் காட்ட வேண்டியது அதுதான். முடியாவிட்டால் எந்த இடத்தில் தடுக்கினார் என்று குறித்துவையுங்கள். ஜாவா மேடையிலேயே ஓடும் காட்லினில் இந்தச் சோதனையைச் செய்தால் ஜெயிக்க வாய்ப்பு மிக அதிகம்: அதே லைப்ரரிகள், அதே டீபக்கர், ஒரே திட்டத்துக்குள் ஜாவா கோப்பும் காட்லின் கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், நல் மதிப்பு டைப்பிலேயே தெரியும்.

வேலை மாறுவது பற்றி. ஹாஸ்கெல்லில் முழுநேரம் வேலை செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசையில் போனால், தாராளமாகப் போங்கள்; நம் வேலைக்காலத்தில் ஒருமுறையாவது பிடித்த மொழியில் இரண்டு வருடம் வாழ்ந்து பார்ப்பது நல்லது. இந்த டீமின் மீதுள்ள கோபத்தில் போக வேண்டாம், அங்கேயும் டீம்தான் இருக்கும். நேர்காணலில் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே ஹாஸ்கெல்லைக் கொண்டுவந்தவர் இன்னும் இருக்கிறாரா? போய்விட்டார் என்றால், அவர் போன பிறகு எத்தனை வருடம் ஆகிறது, அவர் எழுதியதை இப்போது யார் மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். போய் மூன்று வருடமாகிறது, எல்லோரும்தான் மாற்றுகிறோம் என்று பதில் வந்தால், அது நல்ல இடம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அந்த 900 வரியை அழித்துவிடாதீர்கள். ஹாஸ்கெல் உலகில் 2000-ஆம் ஆண்டு பிறந்த குவிக்செக் என்ற டெஸ்ட் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயிரக்கணக்கான தற்செயலான உள்ளீடுகளைத் தானே உருவாக்கி நிரலைச் சோதிக்கும். அதைக் கொண்டு பத்தாயிரம் பில்களை உருவாக்குங்கள். ஒவ்வொன்றையும் இப்போதைய ஜாவா நிரலுக்கும் கொடுங்கள், உங்கள் ஹாஸ்கெல் நிரலுக்கும் கொடுங்கள். இரண்டு தொகையும் மாறுபடும் பில்களை மட்டும் தனியாக எடுத்து, திங்கட்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இதற்காக அந்த ஏழு பேரில் யாரும் ஹாஸ்கெல் கற்க வேண்டியதில்லை. உங்கள் நிரல் ப்ரொடக்‌ஷனுக்குப் போகவும் வேண்டாம், யாரையும் இரவில் எழுப்பவும் வேண்டாம். மாறுபடும் பில்களில் சிலவற்றில் உங்கள் நிரல்தான் தவறு என்று தெரியவரலாம். அதையும் மறைக்காமல் பட்டியலில் வையுங்கள். எத்தனை பில் மாறுபட்டது என்று எனக்கும் எழுதுங்கள்.